பசுவும் இராட்டையும் போன கதை: தொழிற்புரட்சி ஐரோப்பியக் குடும்பங்களை மாற்றிய விதம்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர் பகுதியில் லாக்ஸ்டன் என்று ஒரு கிராமம் இருக்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் விவசாயம் எந்த ஒழுங்கில் நடந்ததோ, கிட்டத்தட்ட அதே ஒழுங்கில் அங்கே இன்றும் நடக்கிறது. ஊரைச் சுற்றி மூன்று பெரிய வயல்வெளிகள். இடையில் வேலி கிடையாது. ஒவ்வொரு வயல்வெளியும் நீளமான பட்டைகளாகப் பிரிந்திருக்கும். ஒருவருக்கு இங்கே ஒரு பட்டை, அங்கே ஒரு பட்டை, அடுத்த வெளியில் இரண்டு என்று சிதறிக் கிடக்கும். ஓர் ஆண்டு கோதுமை, மறு ஆண்டு பார்லி அல்லது பட்டாணி போன்ற வசந்தகாலப் பயிர், மூன்றாம் ஆண்டு தரிசு. எந்த வெளியில் எப்போது எதை விதைப்பது என்று தனி ஆள் முடிவு செய்ய முடியாது, ஊர் கூடித்தான் முடிவு செய்யும். ஊர் நடுவர் குழு ஆண்டுதோறும் வயலைச் சுற்றிப் பார்த்து, எல்லை தாண்டி ஏர் ஓட்டியவருக்கு அபராதம் போடும் வழக்கம்கூட இன்னும் உண்டு.

தொழிற்புரட்சி என்றதும் நமக்கு நீராவி இயந்திரமும் புகைபோக்கியும்தான் நினைவுக்கு வரும். பள்ளியில் அப்படித்தான் படித்தோம். ஆனால் இந்தக் கதையை லாக்ஸ்டன் மாதிரி ஓர் ஊரிலிருந்து தொடங்கினால்தான் முழுசாகப் புரியும் என்பது என் எண்ணம். ஆலைக்குள் நுழைந்த மனிதர்கள் எங்கிருந்து வந்தார்கள், எதை இழந்துவிட்டு வந்தார்கள் என்று தெரியாமல் ஆலையைப் பற்றி என்ன பேசுவது?

அப்படிப்பட்ட ஊரில் ஓர் ஏழைக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காலம் 1750 வாக்கில். அப்பா பெரிய விவசாயி ஒருவரிடம் கூலிக்குப் போகிறார். அந்தக் கூலி மட்டும் வீட்டுக்குப் போதாது. மீதியைக் குடும்பம் மூன்று வழிகளில் தேடிக்கொண்டது.

முதலாவது, பசு. ஊருக்கு ஒரு பொதுநிலம் உண்டு, நம் ஊர் மேய்க்கால் புறம்போக்கு மாதிரி. அதில் ஒரு பசுவையோ சில வாத்துகளையோ மேய்த்துக்கொள்ளலாம், அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கலாம். பால், வெண்ணெய், விறகு மூன்றும் காசில்லாமல் கிடைத்தன. இரண்டாவது, இராட்டை. கம்பளியோ பஞ்சோ, வியாபாரி கொண்டுவந்து கொடுப்பார். வீட்டுப் பெண்கள் நூற்றுக் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்வார்கள். மூன்றாவது, கதிர். அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்து கிடக்கும் கதிர்களைப் பொறுக்கிக்கொள்ள ஏழைகளுக்கு வழக்கப்படி உரிமை இருந்தது. தாயும் பிள்ளைகளும் சேர்ந்து சில வாரம் பொறுக்கினால் பல மாதத்து மாவு வீட்டுக்குள் வந்துவிடும்.

மூன்றுமே பெண்களும் பிள்ளைகளும் சம்பாதித்தவை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நூறு ஆண்டுகளில் இந்த மூன்றும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. ஒன்றைப் பாராளுமன்றம் எடுத்தது, ஒன்றை இயந்திரம் எடுத்தது, ஒன்றை நீதிமன்றம் எடுத்தது.

முதலில் வயலில் என்ன மாறியது என்று பார்ப்போம். மூன்றில் ஒரு பங்கு நிலம் எப்போதும் தரிசாகக் கிடந்தது என்றேன். சோம்பலால் அல்ல. தொடர்ந்து தானியம் போட்டால் மண்ணில் தழைச்சத்து தீர்ந்துவிடும். அதை மீட்க எரு வேண்டும். எருவுக்கு மாடு வேண்டும். மாட்டுக்குக் குளிர்காலத் தீவனம் வேண்டும். அது போதுமான அளவில் இல்லை. அதனால் மாடு குறைவு, எரு குறைவு, விளைச்சல் குறைவு, மறுபடியும் நிலத்தைத் தரிசு போட வேண்டிய கட்டாயம். இந்த வட்டத்துக்குள் ஐரோப்பிய விவசாயம் நெடுங்காலம் சிக்கிக் கிடந்தது.

இதை உடைத்தவை இரண்டு சாதாரணப் பயிர்கள். ஒன்று டர்னிப் கிழங்கு. மற்றொன்று குளோவர் என்ற தீவனப் பூண்டு. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஃபிளாண்டர்ஸ் பகுதி விவசாயிகள் இவற்றை முன்பே பயன்படுத்தி வந்தார்கள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதி இதை ஒழுங்கான நான்காண்டுச் சுழற்சியாக ஆக்கிக்கொண்டது: கோதுமை, டர்னிப், பார்லி, குளோவர். அரசியலை விட்டு 1730-இல் சொந்த ஊருக்குத் திரும்பிய டவுன்ஷெண்ட் பிரபு இதைப் பெரிதாகப் பரப்பினார். அவருக்கு ‘டர்னிப் டவுன்ஷெண்ட்’ என்றே பட்டப்பெயர் வந்தது.

குளோவர் அவரை, உளுந்து வகையைச் சேர்ந்தது. அதன் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மண்ணில் சேர்க்கும். நெல் வயலில் கொளுஞ்சி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழும் நம் விவசாயிகளுக்கு இது புதிய செய்தி இல்லை. அங்கே கூடுதலாக மாடும் குளோவரை மேய்ந்தது. டர்னிப்போ பனிக்காலம் முழுக்க ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியானது. கால்நடை பெருகியது, எரு பெருகியது, தரிசு போட வேண்டிய தேவையே போய்விட்டது. ஜெத்ரோ டல் செய்த விதைக்கும் கருவி, டிஷ்லி ஊரில் ராபர்ட் பேக்வெல் தேர்ந்தெடுத்து வளர்த்த கொழுத்த ஆட்டினம் என்று வேறு புதுமைகளும் உண்டு. பாடப்புத்தகங்கள் அவற்றுக்கு நிறைய இடம் தருகின்றன. நான் குளோவருக்குத்தான் முதல் இடம் தருவேன்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வேலியில்லாத பொது வயல்வெளியில் ஒருவர் மட்டும் டர்னிப் போட முடியுமா? அறுவடை முடிந்ததும் ஊர் மாடுகள் எல்லாம் அதே வயலில்தான் இறங்கும். புது முறைக்குப் போக விரும்பிய பெரிய நிலக்காரர்கள் தங்கள் பட்டைகளை ஒன்று சேர்த்து வேலி போடப் பார்த்தார்கள். பொதுநிலத்தையும் பங்கு போடச் சொன்னார்கள். இதுதான் வேலியடைப்பு. ஒவ்வோர் ஊருக்கும் தனியாக ஒரு சட்டம் போட்டுச் செய்தார்கள். 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் நிறைவேறின. அவை தொட்ட நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பெரும்பகுதி 1750-க்குப் பிறகு வந்த சில பத்தாண்டுகளில் நடந்தது.

எப்படி நடந்தது என்பதைக் கவனித்தால்தான் யாருக்கு என்ன ஆனது என்று தெரியும். சம்மதத்தைத் தலைக்கணக்கில் எண்ணவில்லை, நில மதிப்பில் எண்ணினார்கள். ஊர் நிலத்தில் முக்கால் அல்லது ஐந்தில் நான்கு பங்கு மதிப்பு வைத்திருப்பவர்கள் சரி என்றால் போதும். அது இரண்டு மூன்று பேராகக்கூட இருக்கலாம். அப்புறம் ஆணையர்கள் வருவார்கள், அளவையாளர் நிலத்தை அளப்பார், யார் யாருக்கு எந்த இடம் என்று எழுதுவார்கள். சிறு நிலக்காரருக்கும் ஒரு துண்டு கிடைக்கும். ஆனால் வேலி போடும் செலவும் சட்டச் செலவும் அவர் தலையிலும் விழும். அதைத் தாங்க முடியாமல் பலர் விற்றுவிட்டார்கள். காகிதம் எதுவும் இல்லாமல், தாத்தா காலத்திலிருந்து மேய்க்கிறோம் என்ற வழக்கத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. பட்டா இல்லாத மனிதரின் கதை எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

ஆர்தர் யங் என்ற வேளாண் எழுத்தாளர் வேலியடைப்பை ஊர் ஊராகப் போய் ஆதரித்தவர். விளைச்சல் கூடுவதை அவர் கண்ணாலேயே பார்த்தார். பிறகு ஏழைகளின் நிலையையும் பார்த்தார், மனம் மாறினார். 1801-இல் ஓர் ஏழையின் குரலாக அவர் எழுதியது இது: எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், எனக்கு ஒரு பசு இருந்தது, பாராளுமன்றச் சட்டம் அதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. நூறு பக்கப் புள்ளிவிவரம் சொல்லாததை அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது.

கதிர் பொறுக்கும் உரிமையும் இதே காலத்தில்தான் ஆட்டம் கண்டது. சஃபோக் பகுதியில் ஒரு வயலில் கதிர் பொறுக்கிய பெண் மீது வழக்குப் போட்டார்கள். 1788-இல் தீர்ப்பு வந்தது: நாட்டின் பொதுச்சட்டப்படி அப்படி ஓர் உரிமையே இல்லை. அதற்குப் பிறகும் பல ஊர்களில் பெண்கள் பொறுக்கத்தான் செய்தார்கள். ஆனால் உரிமையாக இருந்தது அன்றிலிருந்து நிலக்காரரின் தயவாக மாறிவிட்டது.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே சரி செய்ய வேண்டும். வேலி போட்டார்கள், மறுநாளே விவசாயிகள் மூட்டை கட்டிக்கொண்டு ஆலைக்கு ஓடினார்கள் என்று எளிமையாகச் சொல்வதுண்டு. அப்படி நடக்கவில்லை. புதுமுறை விவசாயத்துக்கும் களையெடுக்க, வேலி கட்ட, கிழங்கு தோண்ட ஆள் வேண்டியிருந்தது. பெரும்பாலோர் ஊரிலேயே தங்கினார்கள், ஆனால் கூலி தவிர வேறு எதுவும் இல்லாத கூலிகளாக. இன்னொரு பக்கம் உணவு பெருகியது, மக்கள்தொகையும் பெருகியது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 1801-இல் சுமார் 89 லட்சம் பேர். 1851-இல் அது சுமார் 1 கோடி 79 லட்சம். ஐம்பதே ஆண்டில் இரட்டிப்பு. அத்தனை வயிறுகளுக்கும் சோறு போடத் தெரிந்த நிலத்துக்கு அத்தனை கைகளுக்கும் வேலை தரத் தெரியவில்லை. மிஞ்சிய பிள்ளைகள்தான் நகரத்துக்குப் போனார்கள்.

இனி இராட்டைக்கு வருவோம். இந்தப் பகுதியில் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் போன அச்சுப் பருத்தித் துணிகளுக்கு ஐரோப்பியர்கள் மயங்கிக் கிடந்தார்கள். கம்பளிக்காரர்களும் பட்டுக்காரர்களும் கூச்சல் போட்டதில், இந்திய அச்சுத்துணி இறக்குமதியைத் தடை செய்யும் சட்டத்தை இங்கிலாந்து 1700-இல் கொண்டுவந்தது. 1721-இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே தடுத்தார்கள். துணிமீது ஆசை இருந்தது, துணி வரவில்லை. அதை அங்கேயே செய்துவிடலாம் என்று துணிந்தவர்களுக்கு இதைவிட நல்ல சந்தை கிடைக்குமா?

தறியில் உட்கார்ந்தவருக்குத் தெரியும், நெய்வதைவிட நூற்பதற்கு நேரம் அதிகம். ஒரு நெசவாளருக்கு நூல் கொடுக்கப் பல பெண்கள் நூற்க வேண்டும். 1733-இல் ஜான் கே, தறியில் குறுக்கு நூலை வேகமாக எறியும் விசை நாடாவைக் கண்டுபிடித்ததும் நெசவு இன்னும் வேகமானது. நூலுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதைத் தீர்க்க 1760-களில் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் ஒரே சக்கரத்தில் பல நூற்புக் கதிர்களைச் சுழற்றும் ஜென்னி இயந்திரத்தைச் செய்தார். அதன் நூல் மெல்லியது, ஊடை என்ற குறுக்கு நூலுக்குத்தான் ஆகும், பாவு என்ற நெடுக்கு நூலுக்குத் தாங்காது. 1769-இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் காப்புரிமை பெற்ற நீர்விசை இயந்திரம் பாவுக்கு ஏற்ற முறுக்கான நூலைத் தந்தது. 1779-இல் சாமுவேல் கிராம்ப்டன் இரண்டின் நல்ல குணங்களையும் சேர்த்து ‘மியூல்’ செய்தார். இந்தியாவில் கையால் நூற்பவர் 100 பவுண்டு (சுமார் 45 கிலோ) பஞ்சை நூலாக்க ஏறத்தாழ 50,000 மணி நேரம் ஆகும் என்று ஒரு கணக்கு உண்டு. 1795 வாக்கில் மியூல் அதை 300 மணி நேரத்தில் முடித்தது.

இந்த எண்களை நான் முதலில் படித்தபோது வியப்புதான் வந்தது. அப்புறம்தான் அந்த 50,000 மணி நேரம் யாருடையது என்று யோசித்தேன். அது போன்ற மணி நேரங்கள்தான் இங்கிலாந்தில் ஊர் ஊராக இராட்டையோடு உட்கார்ந்திருந்த பெண்களின் வருமானம். ஒரே தலைமுறையில் அது காற்றில் கரைந்துவிட்டது. நெசவாளர்களுக்குச் சில காலம் நல்ல காலமாக இருந்தது, நூல் மலிந்ததால் தறிக்கு வேலை குவிந்தது. பிறகு விசைத்தறி வந்தது, அவர்கள் கூலியும் வீழ்ந்தது. நம் பக்கத்து நூற்பாளர்களும் நெசவாளர்களும் லங்காஷயர் துணியின் முன் பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு உரியது.

ஆர்க்ரைட் 1771-இல் டெர்பிஷயரின் கிராம்ஃபோர்டில் கட்டத் தொடங்கிய நூற்பாலையைத்தான் ஆலை என்ற வாழ்க்கைமுறையின் தொடக்கம் என்று சொல்லலாம். ஓடும் நீரின் விசையில் ஓடியது. இரவும் பகலும் ஆள் மாற்றி ஓடியது. வேலைக்குப் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். பசு போய், இராட்டை போய், வீட்டில் சும்மா இருந்த அதே கைகள். அவர்களுக்கு வீடும் ஆலைக்காரரே கட்டிக் கொடுத்தார். ஜேம்ஸ் வாட் மேம்படுத்திய நீராவி இயந்திரம் வந்த பிறகு ஆறு தேவையில்லை, நிலக்கரி போதும். ஆலைகள் மலையடிவாரத்திலிருந்து இறங்கி மான்செஸ்டர் போன்ற நகரங்களுக்கு வந்தன. பஞ்சு எங்கிருந்து வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்கத் தெற்கின் தோட்டங்களில் அடிமைகள் பறித்த பஞ்சு அது. 1790-இல் சுமார் 7 லட்சமாக இருந்த அமெரிக்க அடிமைகளின் எண்ணிக்கை 1860-இல் ஏறக்குறைய 40 லட்சம். மான்செஸ்டர் புகைபோக்கிக்குப் பின்னால் அவர்களும் நிற்கிறார்கள்.

வேலையைவிட ஆழமாக மாறியது நேரம். வீட்டில் தறி போட்டவர் திங்கட்கிழமை ஓய்வெடுத்து, வெள்ளி சனியில் விளக்கு வைத்து நெய்து கணக்கை முடிப்பார். அந்த ஓய்வுக்குப் ‘புனிதத் திங்கள்’ என்று பெயர்கூட வைத்திருந்தார்கள். ஆலை மணி இதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. தாமதமாக வந்தால் கூலி பிடித்தம். விடியுமுன் நீண்ட கழியால் சன்னலைத் தட்டி எழுப்பிவிடுவதே சிலருக்குத் தொழிலானது. ரயில் வந்த பிறகு ஊருக்கு ஊர் வேறாக இருந்த நேரமும் ஒன்றாக வேண்டியிருந்தது. பிரிஸ்டல் நகரத்துக்குச் சூரியன் லண்டனைவிடச் சுமார் 10 நிமிடம் பின்னால் வரும். அங்குள்ள பழைய தானியச் சந்தைக் கட்டடத்துக் கடிகாரத்தில் இன்றும் இரண்டு நிமிட முட்கள் இருக்கின்றன. ஒன்று ஊர் நேரம், மற்றது ரயில் நேரம்.

நகர வாழ்க்கை கொடுமையாக இருந்தது. 1842-இல் எட்வின் சாட்விக் அரசுக்கு அளித்த அறிக்கையில், மான்செஸ்டர் தொழிலாளர் குடும்பங்களில் இறப்பவர்களின் சராசரி வயது 17 என்று இருக்கிறது. ரட்லண்ட் என்ற கிராமப்புறப் பகுதியில் அதே தரத்து மக்களுக்கு 38. எல்லோரும் பதினேழில் இறந்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை, அவ்வளவு குழந்தைகள் இறந்தார்கள் என்று பொருள். குடிநீரும் சாக்கடையும் கலந்த தெருக்களில் காலரா திரும்பத் திரும்ப வந்தது. இருந்தும் மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஊரில் கூலி அதைவிடக் குறைவு. 1851 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் பாதிக்கு மேல் நகரவாசிகள். பெரிய நாடு ஒன்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

மக்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. 1811 முதல் நாட்டிங்ஹாம் பக்கம் லட்டைட்டுகள் என்ற கைத்தொழிலாளர்கள் பின்னல் இயந்திரங்களை உடைத்தார்கள். இயந்திரம் உடைப்பதற்கு 1812-இல் மரண தண்டனை என்று சட்டம் வந்தது. 1830-இல் தெற்கு இங்கிலாந்து விவசாயக் கூலிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். இவர்களை இயந்திரத்தின் எதிரிகள் என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம். குளிர்காலத்தில் அவர்களுக்கு இருந்த ஒரே வேலை கையால் கதிரடிப்பது. அதுவும் போனால் அந்த மாதங்களில் என்ன சாப்பிடுவார்கள்? 19 பேர் தூக்கில் தொங்கினார்கள், 500-க்குச் சற்றுக் குறைவானவர்களை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

அரசியலும் பழைய கிராமக் கணக்கிலேயே நின்றிருந்தது. ஆளே இல்லாத ஓல்ட் சாரம் என்ற மேட்டுக்கு இரண்டு பாராளுமன்ற உறுப்பினர்கள், மான்செஸ்டருக்கு ஒருவர்கூட இல்லை. 1819-இல் வாக்குரிமை கேட்டு மான்செஸ்டரில் கூடிய பெருங்கூட்டத்தின் மீது குதிரைப்படை பாய்ந்தது, குறைந்தது 15 பேர் செத்தார்கள். 1832-இல்தான் அந்த நகரத்துக்கு உறுப்பினர் கிடைத்தார், அதுவும் நடுத்தர வர்க்கத்தின் வாக்கால். 1833-இல் 9 வயதுக்குட்பட்டவர்களைத் துணி ஆலைகளில் வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. முன்பும் சட்டங்கள் இருந்தன, பார்க்க ஆள் இல்லை. இந்த முறை ஆய்வாளர்களை நியமித்தார்கள், நாடு முழுவதற்கும் 4 பேர். 1844-இல் ராச்டேல் நகரத்தில் 28 பேர் காசு சேர்த்து மாவு, வெண்ணெய், சர்க்கரை விற்கும் கடை ஒன்றைத் திறந்தார்கள். இன்று நம் ஊர்வரை வந்திருக்கும் கூட்டுறவுக் கடைகளின் மூதாதை அதுதான்.

ஐரோப்பாவின் மற்ற நாடுகள் ஒரே பாதையில் போகவில்லை. பிரான்சில் 1789 புரட்சி நிலப்பிரபுக்களின் உரிமைகளை ஒழித்தது, சிறு விவசாயி நிலத்தோடு ஊரிலேயே இருந்தார். அங்கே நகர மக்கள் பாதியைத் தாண்ட 1930-கள் ஆகிவிட்டன. ஜெர்மானிய நாடான பிரஷ்யாவில் 1807-இல் பண்ணையடிமை முறையை ஒழித்தார்கள், ஆனால் விடுதலைக்கு விலையாக விவசாயி தன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ பண்ணையாரிடம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அப்படி நிலம் சுருங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் ரூர் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் பெர்லின் பட்டறைகளுக்கும் போனார்கள். ரஷ்யாவில் அந்த விடுதலை வரவே 1861 ஆனது. அயர்லாந்துதான் எல்லாவற்றிலும் துயரமானது. சிறு துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கை மட்டும் நம்பி வாழ்ந்த மக்கள், வேலை தரும் ஆலைகளும் அதிகம் இல்லை. 1845-இல் கிழங்கில் நோய் விழுந்தது. சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், ஏறக்குறைய அதே அளவினர் கப்பலேறினார்கள்.

பசுவுக்குத் திரும்புகிறேன். அது பால் மட்டும் கொடுக்கவில்லை. கூலிக்காரருக்குக் காய்ச்சல் வந்தாலும், கை ஒடிந்தாலும், வயதாகி வேலைக்குப் போக முடியாவிட்டாலும் வீட்டில் ஏதோ ஒன்று இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கு உடல் படுத்தால் அன்றோடு சரி. பிறகு ஏழைகள் விடுதிதான், அதற்கு அஞ்சாதவர் இல்லை. அந்த வெற்றிடத்தை முதலில் சட்டத்தால் நிரப்பப் பார்த்தது ஜெர்மனி. தொழிலாளர் கட்சியின் வளர்ச்சியைக் கண்டு கவலைப்பட்ட ஜெர்மன் அரசுத் தலைமை அமைச்சர் பிஸ்மார்க், 1883-இல் நோய்க் காப்பீடு, 1884-இல் விபத்துக் காப்பீடு, 1889-இல் முதியோர் ஓய்வூதியம் என்று வரிசையாகக் கொண்டுவந்தார். பிரிட்டன் இருபது ஆண்டு கழித்துத்தான் வந்தது. 1909 ஜனவரி 1 அன்று, 70 வயது தாண்டிய ஏழை முதியவர்கள் தபால் நிலையத்துக்குப் போய் வாரத்துக்கு அதிகபட்சம் 5 ஷில்லிங் வாங்கிக்கொள்ளத் தொடங்கினார்கள்.